உங்களுக்குத் தெரியுமா? ஒரே சீட்டு, ஆளுக்கொரு பலன்

சேலம், நாமக்கல் பக்கத்துத் திருவிழாக் கூட்டத்தில் கிளி ஜோசியம் பார்த்தவர்களுக்கு இது மறந்திருக்காது. பெயரைச் சொன்னதும் கிளி கூண்டைவிட்டு நடந்து வரும். சீட்டுகளை அலகால் ஒவ்வொன்றாகத் தள்ளி, ஒன்றை எடுத்துக் கொடுக்கும். ஒரு நெல்மணியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும். கிளியின் வேலை அத்துடன் சரி.

வந்த படம் அசோகவனத்துச் சீதை என்று வையுங்கள். மகளுக்கு வரன் தேடும் தாயிடம், "தாமதமானாலும் நல்ல இடம் அமையும்மா" என்பார் ஜோசியர். லாரிக்குக் கடன் வாங்கித் தவிக்கும் நாமக்கல்காரரிடம், "கஷ்டகாலம் முடியப்போகுதுங்க" என்பார். படம் ஒன்றுதான், கேட்பவரின் கவலைதான் வேறு.

டாரட் என்னும் மேலைநாட்டுச் சீட்டு ஜோசியத்தில் இது இன்னும் விரிகிறது. மொத்தம் 78 சீட்டுகள். நேராக விழுந்தால் ஒரு பலன், தலைகீழாக விழுந்தால் வேறு பலன் என்பார்கள் பலர். அப்படிப் பார்த்தால், மூன்று சீட்டை வரிசையாக எடுத்தாலே 36,51,648 விதமாக அமையலாம்! 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் இவை வெறும் விளையாட்டுச் சீட்டுகள். குறி சொல்லும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டு பிரான்சில்தான் பரவியது. எல்லாரும் ஒப்புக்கொள்ளும் மூலநூல் ஒன்று இன்றுவரை இல்லை.

பிறகு எப்படிப் பலிப்பதுபோலத் தோன்றுகிறது? 1948இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர், 39 மாணவர்களுக்கு 'உங்கள் குணநலன்' என்று ஒரே வாசகத்தைக் கொடுத்தார். தங்களுக்கென்றே எழுதியதாக நம்பிய மாணவர்கள், அது எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு 5க்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் போட்டார்கள். ஃபோரர் அந்த வரிகளை எடுத்தது கடையில் விற்ற ஜோதிடப் புத்தகத்திலிருந்து.

கிளிக்காகவும் ஒரு வார்த்தை: பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பது 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.