‘குளூட்டன் இல்லாத’ மாவும் ஒத்துக்கொள்ளாமல் போவது ஏன்?



கோதுமையை நிறுத்தினால் பிள்ளை சுகமடைவான் என்று மருத்துவர் சொல்கிறார். பெற்றோரும் அதிக விலை கொடுத்து, ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட்ட கேக் மாவையும் ரொட்டி மாவையும் வாங்கிச் செய்து கொடுக்கிறார்கள். ஆனாலும் வயிறு உப்புகிறது, பேதியாகிறது. இதனால் சோர்ந்துபோய், “இந்தப் பத்தியம் எங்களுக்குப் பலிக்கவில்லை” என்று மறுபடியும் கோதுமைக்கே திரும்பிவிடுகிறவர்களும் உண்டு. சீலியாக் நோயுள்ளவர்களுக்கு இது ஆபத்தான முடிவு. ஆகவே இந்தப் பொட்டல மாவு சிலருக்கு ஏன் ஒத்துக்கொள்வதில்லை என்பதைச் சற்று விளக்கமாகக் காண்போம்.

சீலியாக் நோய் என்பது என்ன?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களிலுள்ள புரதமே குளூட்டன். சீலியாக் நோயுள்ளவர் இதை உண்ணும்போது, அவருடைய உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகிறது. உணவின் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற குடலுறிஞ்சிகள் தேய்ந்துபோகின்றன. அதனால் இரத்தசோகை, எலும்பு பலவீனம், பிள்ளைகளில் வளர்ச்சிக் குறைவு ஆகியவை உண்டாகின்றன. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ரொட்டி கிடைக்காமற்போனபோது இந்நோயுள்ள பிள்ளைகள் தேறியதையும், ரொட்டி திரும்பி வந்ததும் மீண்டும் சுகவீனமானதையும் டாக்டர் வில்லெம் டிக்கே கவனித்தார். இன்றும் வாழ்நாள் முழுவதும் குளூட்டனை விலக்குவதே இதற்குச் சிகிச்சை.

நம் நாட்டில் கோதுமையை முக்கிய உணவாகக் கொண்ட வடபகுதியில்தான் இந்நோய் மிகுதி. 2016-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, வடக்கே ஆயிரம் பேரில் ஏறக்குறைய 12 பேருக்கும், தெற்கே ஆயிரத்தில் ஒருவருக்கும் இந்நோய்க்குரிய எதிர்பொருள் இரத்தத்தில் காணப்பட்டது.

‘இல்லாதது’ என்றால் எவ்வளவு?

ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கலாகாது என்பதே 2008 முதல் சர்வதேச அளவுகோல். இந்தியாவிலும் அமெரிக்காவிலும் இதே அளவுதான். இந்த எல்லைக்குள் இருக்கும் மாவில் 100 கிராம் உண்டாலும் உடலில் சேருவது 2 மில்லிகிராமே. சீலியாக் நோயாளருக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் குடல் பாதிக்கப்படுவது அரிது என்று கருதப்படுகிறது. ஆகவே விதிப்படி தயாரித்த மாவு ஒத்துக்கொள்ளாவிட்டால், பெரும்பாலும் காரணம் வேறாக இருக்கும்.

ஆயினும் தவறுகள் நேரிடுவதுண்டு. 2015-ல் அமெரிக்காவில், குளூட்டன் இல்லாதது என்று விற்கப்பட்ட ஓட்ஸ் உணவில் கோதுமை மாவு தவறுதலாகக் கலந்துவிட்டதால், ஒரு பெரிய நிறுவனம் சுமார் 18 லட்சம் பெட்டிகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

மாவில் வேறு என்ன இருக்கிறது?

குளூட்டன்தான் மாவைப் பிடித்துவைக்கும் பசை. அதை எடுத்துவிட்டால் ரொட்டி உதிர்ந்துபோகும். எனவே பசைக்காக சாந்தன் பசை, கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் பசை, இசப்கோல் உமி முதலியவற்றைச் சேர்க்கிறார்கள். இவை சிலருக்கு வாயு, உப்புசம், பேதி உண்டாக்கும்.

பல பொட்டலங்களில் பால் பவுடர் உண்டு. பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குடலுறிஞ்சிகளின் நுனியிலே இருக்கிறது. அவை தேய்ந்திருக்கும் நாட்களில் பால் செரிக்காது. குடல் ஆறியபின் பெரும்பாலோர் மறுபடியும் பால் அருந்த முடியும்.

சோயா, முட்டை, பாதாம் ஆகியவை சிலருக்கு ஒவ்வாமை தரும். ஓட்ஸ் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொண்டாலும் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஆகையால் ஆஸ்திரேலியாவில் ஓட்ஸ் உள்ள பொருளை ‘குளூட்டன் இல்லாதது’ என்று விற்கவே அனுமதியில்லை. மேலும் சில மாவுகளில் குளூட்டன் நீக்கிய கோதுமை ஸ்டார்ச் சேர்ப்பார்கள். இது சீலியாக் நோயாளருக்கு ஏற்றதாயினும், கோதுமை ஒவ்வாமை உள்ளவருக்கு ஆகாது. இவ்விரண்டும் வெவ்வேறு நோய்கள் என்பதை மறக்க வேண்டாம்.

செய்ய வேண்டியவை

1. பத்தியத்தை விட வேண்டாம். ஒத்துக்கொள்ளாத அந்த மாவை மாத்திரம் நிறுத்துங்கள்.

2. பொட்டலத்தை எறிந்துவிடாமல் மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ கொண்டுபோய்க் காட்டுங்கள். அதில் அச்சிட்ட சேர்மானப் பட்டியலே முதல் சாட்சி.

3. அன்று உண்ட மற்ற உணவையும் எழுதிவையுங்கள். ரவையும் மைதாவும் கோதுமையே. கடையில் விற்கும் பெருங்காயத்திலும் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும்.

4. சில நாட்கள் அரிசி, கேழ்வரகு, கம்பு, பருப்பு, காய்கறி போன்ற எளிய உணவைக் கொடுங்கள். பின்பு ஒவ்வொரு பொருளாகச் சேர்த்துப் பாருங்கள்.

5. உண்ட சிறிது நேரத்தில் உடம்பில் தடிப்பு, உதடு அல்லது முகத்தில் வீக்கம், மூச்சுத்திணறல் கண்டால் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

6. இரத்தப் பரிசோதனை செய்யாமல் தாங்களாகவே கோதுமையை நிறுத்த வேண்டாம். நிறுத்தியபின் செய்யும் பரிசோதனையில் நோய் தெரியாமல் போகலாம்.

அன்பளிப்பாகக் கொடுக்கிறவர்களுக்கு

திருச்சபை விருந்துகளிலும் கிறிஸ்துமஸ் நாட்களிலும் இப்படிப்பட்ட பிள்ளைக்கென்று தனியாகக் கேக் செய்து கொடுப்பது நல்ல எண்ணம். ஆனால் மைதா சலித்த அதே சல்லடையையும் கேக் தட்டையும் பயன்படுத்தினால், பொட்டலம் எவ்வளவு சுத்தமானதாயினும் பயனில்லை. பாத்திரங்களை நன்றாகக் கழுவி, சல்லடையைத் தனியாக வைத்து, மைதா வேலை தொடங்குமுன் இதை முதலில் செய்யுங்கள். வெளிநாட்டிலிருந்து மாவுப் பொட்டலம் வாங்கி வருகிறவர்கள், அதைப் பிரித்து வேறு டப்பாவில் கொட்டாமல், உறையோடே கொடுங்கள். எதை உண்கிறோம் என்று அந்தக் குடும்பம் வாசித்து அறிய வேண்டும் அல்லவா?