தராசும் படிக்கல்லும் ஒரே கையில்

கல்லூரிகளில் தரமதிப்பீட்டுக் கமிட்டியின் வருகைக்காகக் கட்டடத்துக்கு வெள்ளையடித்த காலம் போய், எக்செல் தாளுக்கு உழைக்கும் காலம் வந்திருக்கிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்தாறு ‘கோர்ஸ் அவுட்கம்’, அதாவது பாடத்தின் முடிவில் மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை. படிப்பு முழுவதற்கும் தனியாக ஒரு பட்டியல். இரண்டையும் 1, 2, 3 என்று எண் போட்டு இணைப்பது மேப்பிங். இத்தனை பேர் இத்தனை மதிப்பெண் எடுத்தால் ‘அட்டெயின்மென்ட்’ மூன்று, குறைந்தால் இரண்டு, இன்னும் குறைந்தால் ஒன்று. எல்லாவற்றையும் பெருக்கிச் சராசரி பார்த்தால் 2.37 என்பதுபோல் ஓர் எண் விழும். தசமப் புள்ளியைப் பார்த்ததும் துல்லியம் என்று நம்பிவிடுகிறோம். உள்தேர்வைப் பொறுத்தவரை கேள்வி எழுதியவர், அந்தக் கேள்வி எந்த அவுட்கமுக்கு உரியது என்று குறித்தவர், விடைத்தாளைத் திருத்தியவர் எல்லாரும் பெரும்பாலும் ஒரே ஆசிரியர். இலக்கு 60 சதவீதமா 50 சதவீதமா என்பதும் துறைக்குள்ளேயே முடிவாகிறது. மளிகைக் கடையிலும் தராசு கடைக்காரருடையதுதான். ஆனால் அங்கே படிக்கல்லில் அரசு முத்திரை இருக்கும்.

ஆசிரியர்கள் பொய்க்கணக்கு எழுதுகிறார்கள் என்று சொல்லவரவில்லை. நேர்மையாகப் போட்டாலும் இந்தக் கணக்கு கற்றலைத் தொடுவதில்லை என்பதுதான் சிக்கல். பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். செமஸ்டர் விடைத்தாள் வேறெங்கோ திருத்தப்படுகிறது. கல்லூரிக்கு வருவது மொத்த மதிப்பெண்ணோ கிரேடோ மட்டும்தான். எந்தக் கேள்விக்கு எவ்வளவு என்று தெரியாது. ஆகவே அதே மதிப்பெண்ணை எல்லா அவுட்கமுக்கும் பொதுவாக எழுதிவிடுவது வழக்கமாகியிருக்கிறது. நான்காம் அலகைத் திறந்தே பார்க்காமல் மற்ற அலகுகளின் பலத்தில் தேறிய மாணவரும் இந்தக் கணக்குப்படி நான்காம் அலகைக் கற்றவர்தான். மதிப்பெண் பங்கீடு 25-75 ஆனாலும் 40-60 ஆனாலும் பெரிய பங்கு இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கப்படுகிறது. மீதிப் பங்கோ, மேலே சொன்ன ஒற்றைக் கைத் தராசில் நிறுக்கப்படுவது.

பொறியியலில் இது இன்னும் விசித்திரம். பொறியியல் படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ள வழிசெய்யும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் 2014-இல் இந்தியா நிரந்தர உறுப்பினரானது. வெளிநாட்டில் நம் பட்டத்துக்கு மதிப்புக் கிடைக்கும் என்ற நியாயமான ஆசை அதில் உண்டு. அந்த ஒப்பந்தத்தையொட்டி, படிப்பு முடிப்பவரிடம் இருக்க வேண்டிய திறன்களாக நீண்ட காலம் 12 கூறுகள் இருந்தன. அவற்றில் ஒன்று வாழ்நாள் முழுவதும் கற்கும் திறன். அதற்கும் செமஸ்டர்தோறும் எண் போடுகிறோம்! மூன்று மணி நேரத் தேர்வில் வாழ்நாளை அளக்கும் வித்தை வேறு எந்தத் தொழிலிலும் இல்லை.

கணக்கு கணக்கோடு நின்றால் பரவாயில்லை. அது கல்லூரியின் ஐந்தாண்டுத் திட்டத்துக்குள் போய் உட்காரும்போதுதான் கவலை. ‘அட்டெயின்மென்ட் 2.1-இலிருந்து 2.5-க்கு உயரும்’ என்று எழுதிவிட்டால், அதை எட்டச் சுலபமான வழி கற்பித்தலை மாற்றுவதல்ல, கேள்வித்தாளை எளிதாக்குவது. ஆய்வகத்துக்கு உதவியாளர் வேண்டும், முதலாண்டில் ஆங்கிலவழிப் பாடம் புரியாமல் தவிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழில் விளக்கும் ஒரு மணி நேரம் வேண்டும் என்ற கோரிக்கைகளுக்குத் தசமப் புள்ளி இல்லை. திட்டத்தில் இடமும் இல்லை.

எண்ணே இல்லாத காலத்தில் மட்டும் கற்றல் பொங்கி வழிந்ததா என்று கேட்பார்கள். இல்லைதான். பாடத்தின் முடிவில் மாணவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதிவைக்கும் கட்டாயம் நல்லதே. ஆனால் எழுதிவைப்பதற்கும் அது நடந்ததாகப் பெருக்கிக் காட்டுவதற்கும் தூரம் அதிகம். இரண்டாவதற்கே ஆசிரியரின் மாலைப்பொழுதுகள் செலவாகின்றன.

இத்தனைக்கும் உண்மையான ஆதாரம், ஒவ்வொரு பாடத்துக்கும் ஆசிரியர் வைத்திருக்கும் கோர்ஸ் ஃபைலுக்குள்ளேயே இருக்கிறது. நன்றாக எழுதியது, நடுத்தரம், சுமார் என்று மாதிரி விடைத்தாள்களை அதில் கோத்துவைக்கும் வழக்கம் பல கல்லூரிகளில் உண்டு. அந்தச் சுமார் தாளை வேறு கல்லூரி ஆசிரியர் இருவர் உட்கார்ந்து படித்து, மாணவர் எந்த இடத்தில் தடுமாறினார் என்று அரைப் பக்கம் எழுதலாம். அடுத்த ஆண்டு அந்த இடத்தை எப்படி நடத்தப்போகிறோம் என்று துறை அரைப் பக்கம் எழுதலாம். கமிட்டி வருகிற நாளில் மேசைமேல் முதலில் வைக்க வேண்டியது அந்த ஒரு பக்கத்தை.