கோலாகங்சாரில் ஒரு முதிய ரப்பர் மரம்

பேரா ஆற்றங்கரையிலுள்ள கோலாகங்சாரை அரச நகர் என்பர். கல்லூரி நகர் என்றும் கூறுவர். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்ல இடம் தேடும் தோட்டத் தோழர்களுக்கு இந்நகரை நாம் பரிந்துரைக்கின்றோம். நம் தொழிலின் தொடக்கம் இங்கே வேர்விட்டு நிற்பதே முதற்காரணம்.

மாவட்ட அலுவலகத்தின் அருகே வேலியிட்டுக் காக்கப்படும் ரப்பர் மரம் ஒன்றுண்டு. 1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ பூங்காவிற்குக் கொண்டு சென்றார். அவற்றுள் முளைத்தவை சில ஆயிரமே. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. ஒன்பது கன்றுகள் கோலாகங்சாரில், பேராவின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோவின் இல்லத் தோட்டத்தில் நடப்பெற்றன. அவ்வொன்பதில் எஞ்சியது இம்மரம்.

அன்று தோட்ட முதலாளிகள் காப்பியையே நம்பினர். 1888-இல் சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, ரப்பர் விதைகளைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு காண்போரிடமெல்லாம் கொடுத்தார். அவரைப் பித்தர் என்று நகைத்தவர்களும் உண்டு! பிரேசில் காடுகளில் மரத்தைக் கோடரியால் கொத்திப் பாலெடுத்தனர், மரம் சிதைந்தது. ரிட்லியோ பட்டையை மெல்லிதாகச் சீவி, அதே வெட்டை மீண்டும் மீண்டும் புதுப்பிக்கும் முறையை வகுத்தார். சீவிய இடத்தில் பட்டை மறுபடி வளரும். கத்தி உள்மரத்தில் படலாகாது எனப் பால் வெட்டுவோருக்குக் கண்டித்துச் சொல்வது இதன் பொருட்டே. 1896-இல் மலாக்காவில் டான் சே யான் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். பின்னர் மோட்டார் வண்டிகள் பெருகின. டயருக்கு ரப்பர் வேண்டியிருந்தது. நம் பாட்டன்மார் கப்பலேறி வந்தனர்.

இனிக் கல்லூரி. மலாய்க் கல்லூரி 1905 ஜனவரி 2-ஆம் நாள் 79 மாணவர்களுடன் தொடங்கிற்று. அரச, பிரபுக் குடும்பத்துப் பிள்ளைகளை அரசாங்கப் பணிக்குப் பயிற்றுவிப்பதே அன்றைய நோக்கம். பிற்காலத்தில் எளிய குடும்பத்து மலாய்ப் பிள்ளைகளும் அங்கே இடம்பெற்றனர். நாட்டின் இரண்டாம் பிரதமர் துன் அப்துல் ரசாக் இங்குப் பயின்றவர். உயர்ந்த தூண்களையுடைய கட்டடத்தைச் சாலையிலிருந்தே காணலாம். பாடம் நடக்கும் இடமாதலால் அனுமதியின்றி உள்ளே நுழைதல் முறையன்று.

ஆற்றையொட்டிய சாலையில் சென்றால் உபுடியா பள்ளிவாசலின் பொன்னிறக் குவிமாடங்கள் தோன்றும். நோயிலிருந்து மீண்ட சுல்தான் இட்ரிஸ் நேர்ந்துகொண்டபடி கட்டத் தொடங்கியது, 1917-இல் நிறைவுற்றது. முதல் உலகப் போர் வேலையைத் தாமதப்படுத்திற்று. போதாக்குறைக்கு, இரண்டு யானைகள் சண்டையிட்டு இத்தாலியிலிருந்து வந்த சலவைக்கற்களை மிதித்து நொறுக்கிவிட்டனவாம்! சற்றுத் தொலைவில், ஆணி அடிக்காமல், மூங்கில் பின்னிய சுவர்களோடு எழுந்த கெனாங்கான் அரண்மனை. நமக்குப் பள்ளிவாசலினும் இதுவே வியப்பைத் தந்தது.

திடலருகே 1930-இல் எழுந்த மூன்றடுக்குக் கோபுரத்திலிருந்து அரச குடும்பத்தினர் போலோ ஆட்டம் கண்டனர். அதையும் பார்த்துவிடலாம்.

ஈப்போவிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். இரயிலும் பேருந்தும் உண்டு. பள்ளிவாசலுக்குள் செல்ல விரும்புவோர் தொழுகை நேரத்தைத் தவிர்த்து, உடலை மறைக்கும் உடையுடன் செல்லவேண்டும். மரத்தைக் காணக் கட்டணம் இல்லை.