ஹட்டன்: சைக்கிள் ஓடாத மாணவர் நகரம்

யாழ்ப்பாணம் திருநெல்வேலி மாணவர்களின் ஊர் என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்தைச் சுற்றி நிற்கும் சைக்கிள்களும் போட்டோகொப்பிக் கடைகளும் அதைக் காட்டிவிடும். ஹட்டனும் மாணவர்களின் ஊர்தான். ஆனால் இங்கே சைக்கிள் இல்லை.

சுமார் 4,000 அடி உயரத்தில், ஏற்றமும் இறக்கமுமாகக் கிடக்கும் நகரம் இது. மாணவர்களின் நாளை பஸ்தான் தீர்மானிக்கிறது. மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவை பக்கத் தோட்டங்களிலிருந்து வருபவர்கள், லயத்திலிருந்து பிரதான வீதி வரை முதலில் நடக்க வேண்டும். மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் அந்தப் பாதை சேறும் அட்டையுமாகிவிடும். சனி, ஞாயிறுகளில் நகரம் டியூசன் பிள்ளைகளால் நிரம்பும். பிற்பகல் வகுப்பு நீண்டால், தூரத்துப் பிள்ளைகள் கடைசி பஸ்ஸை நினைத்துப் பாதியிலேயே எழும்புவார்கள்.

ஏன் இவ்வளவு தூரம் வர வேண்டும்? உயர்தரத்தில் கணிதம், விஞ்ஞானம் படிப்பிக்கும் தமிழ்ப் பாடசாலைகள் மலையகத்தில் குறைவு. தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் அந்தப் பிரிவுகள் இல்லை. இருந்தாலும் ஆசிரியர் பற்றாக்குறை. நகரத்துக்கு வர முடியாதவர்களுக்குக் கலைப்பிரிவே மிஞ்சுகிறது. பாடத்தைத் தெரிவு செய்வது பிள்ளையின் விருப்பமல்ல, பஸ் செலவு.

இதற்கு வரலாறு உண்டு. இலங்கையில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளோ நிர்வாகங்களின் கையிலேயே இருந்தன; 1970களில்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்றது. இடையில், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. ஒரு தலைமுறைக் கல்வி அப்படியே போனது.

பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு உண்டு. நுவரெலியா, கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் அந்த ஒதுக்கீடு மாவட்டம் முழுவதற்குமானது. தோட்டத்துப் பிள்ளைக்கும் நகரத்துப் பிள்ளைக்கும் அதில் வேறுபாடு இல்லை. கொட்டகலை, பத்தனையில் ஜெர்மன் உதவியுடன் அமைந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி பலரை ஆசிரியர்களாக்கியது. மலையகத்துக்கெனப் பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை மட்டும் இன்னும் கோரிக்கையாகவே நிற்கிறது.

இது நமக்குத் தூரத்துக் கதையல்ல. 1977, 1983 வன்செயல்களுக்குத் தப்பி வன்னிக்கு வந்த மலையகக் குடும்பங்கள் நம்மோடு சேர்ந்தே போரையும் இடப்பெயர்வையும் சந்தித்தன. ஷெல்லடியாலும் இடப்பெயர்வாலும் படிப்பு நின்றால் என்னவாகும் என்பது நமக்குத் தெரியும். ஹட்டனில் ஷெல் விழவில்லை. தூரமும் வறுமையும் அதே வேலையைச் சத்தமில்லாமல் செய்கின்றன.

தோட்டங்களுக்கு நடுவே ஒரு பாடசாலையிலாவது முழுமையான விஞ்ஞானப் பிரிவு, வகுப்பு முடியும் நேரத்துக்கு ஒரு பஸ்: கேட்பது பெரிய விடயமல்ல.

இத்தனையையும் தாண்டி மலையகப் பிள்ளைகள் யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் படிக்க வருகிறார்கள். திருநெல்வேலி வெயிலில் ஒரு பிள்ளை தடுமாறிச் சைக்கிள் பழகுவதைக் கண்டால் சிரிக்க வேண்டாம். அந்தப் பிள்ளை நடந்து வந்த தூரம் அதிகம்.