கூரையின் பிடி உறுதியாக இருக்கட்டும்

2016ஆம் ஆண்டில் 'சூரிய பல சங்கிராமய' திட்டம் ஆரம்பிக்கப்பட்டதன் பின்னர் வீடுகள், பாடசாலைகள், கோவில்கள், பள்ளிவாசல்கள் எனப் பல இடங்களின் கூரைகளிலும் சூரிய மின்தகடுகள் ஏறியுள்ளன. மின்கட்டணம் பெருஞ்சுமையாகிவிட்ட நாட்டில் இது வரவேற்கத்தக்கதே. ஆனால், எத்தனை அலகு மின்சாரம் கிடைக்கும் எனக் கேட்கும் நாம், கடுங்காற்றில் அத்தகடுகள் கூரையிலேயே தங்குமா எனக் கேட்பது அரிதாகவே உள்ளது.

1978 நவம்பர் 23ஆம் திகதி வீசிய சூறாவளி மட்டக்களப்பு, கல்முனைப் பகுதிகளில் கூரைகளைப் பெயர்த்தெறிந்ததை கிழக்கு மாகாண மக்கள் மறந்துவிடவில்லை. அன்று பறந்தவை ஓடுகளும் தகரங்களும். இன்று அவற்றின் மேல் கண்ணாடித் தகடுகளும் உள்ளன.

காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 150 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்று, இரண்டு சதுர மீற்றர் தகடொன்றின் மீது 200 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடைக்குச் சமமான விசையைப் பிரயோகிக்க வல்லது. தகட்டின் எடையோ 20 முதல் 25 கிலோகிராம் வரையே. கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் மேல்நோக்கிய இழுவை மேலும் கடுமையானது.

தகட்டுக்குச் சான்றிதழ் உண்டு என விற்பனையாளர் கூறலாம். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழுவின் 61215 இலக்க நியமத்தின்படி, சதுர மீற்றருக்குக் குறைந்தது 2400 நியூட்டன் சுமையைத் தகட்டின் இரு புறமும் மாறிமாறி ஏற்றிச் சோதிப்பது உண்மையே. எனினும் அது தகட்டுக்கான சோதனை. உங்கள் வீட்டுக் கைமரத்துக்கும் அதில் ஏறிய திருகாணிக்குமான சோதனை அன்று.

அதனை அவ்விடத்திலேயே செய்தல் வேண்டும். தகடுகளை ஏற்றுவதற்கு முன்னர், பொருத்திய தாங்கிகளுள் சிலவற்றை அளவுமானி பூட்டிய கருவியால், கணக்கிட்ட சுமைக்கும் கூடுதலாக இழுத்துப் பார்ப்பதே முறை. தாங்கி அசைந்தாலோ மரம் பிளந்தாலோ, அவ்விடம் தகுதியற்றது. உக்கிய மரத்தையும் பழைய அஸ்பெஸ்டஸ் கூரையையும் முதலில் சீர்செய்தல் அவசியம். உப்புக்காற்று வீசும் கரையோரங்களில் சாதாரண இரும்பு ஆணிகள் விரைவில் துருப்பிடிக்குமாதலால், துருப்பிடிக்காத உருக்கு ஆணிகளையே கேட்டுப் பெறவேண்டும். ஆண்டுதோறும் பருவமழைக்கு முன்னர் அவற்றின் இறுக்கத்தைப் பரிசோதிப்பதும் இன்றியமையாதது.

இழுவைச் சோதனையின் பெறுபேற்றை எழுத்தில் பெற்ற பின்னரே இறுதிக் கொடுப்பனவைச் செலுத்துமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். பெயர்ந்து பறக்கும் தகடு உரிமையாளருக்கு மட்டும் நட்டமன்று. அது அயலவரின் உயிருக்கும் ஆபத்தாகும்.