முதிய காவல்நாயின் மூளைத் தளர்ச்சியும் விசர்நோயும்

வயலையும் மரக்கறித் தோட்டத்தையும் காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி ஆகியவற்றினின்றும் காத்தற்கு நாய் கமக்காரருக்குப் பெருந்துணையாகும். பல்லாண்டு இவ்வாறு உழைத்த நாயின் போக்கு முதுமையில் மாறுமிடத்து இரு தவறுகள் நேரலாம். மூப்பினால் தளர்ந்த நாயை விசர்நாயெனக் கருதி அடித்துக் கொல்லுதல் ஒன்று. விசர்கொண்ட நாயை மூப்பினால் தளர்ந்ததெனக் கருதித் தடவிக்கொடுத்தல் மற்றொன்று. முன்னையது கொடுமை, பின்னையது உயிராபத்து. ஆகவே இவற்றின் வேறுபாட்டைக் கமக்காரர் அறிந்திருத்தல் வேண்டும்.

மூளைத் தளர்ச்சியின் இயல்பு

மனிதருக்கு முதுமையில் உண்டாகும் மறதிநோயை ஒத்ததொரு நோய் நாய்களுக்கும் உண்டு. பீற்றா அமிலொயிட்டு எனும் புரதம் மூளையிற் படிகின்றது. நரம்புக் கலங்கள் அழிந்து மூளை சுருங்குகின்றது. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தார் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், 11, 12 வயதுடைய நாய்களுள் நூற்றுக்கு 28இலும், 15, 16 வயதுடையவற்றுள் நூற்றுக்கு 68இலும் இதன் அறிகுறியொன்றேனும் காணப்பட்டது.

அறிகுறிகள்

1. பழகிய வளவிலும் வழி தவறுதல். படலை திறக்கும் பக்கத்தை விடுத்து மறுபக்கத்தில் நிற்றல். மூலையிற் சிக்கி மீளமாட்டாது நிற்றல்.
2. வீட்டாரைப் பொருட்படுத்தாதிருத்தல், அல்லது அவரை விட்டகலாதிருத்தல்.
3. பகலில் உறங்கி, இரவில் அலைந்து காரணமின்றிக் குரைத்தல்.
4. படுக்குமிடத்திலேயே மலசலங் கழித்தல்.
5. நோக்கமின்றிச் சுற்றிச் சுற்றி நடத்தல்.

இவை மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தோன்றும். பார்வைக் குறைவு, செவிட்டுத்தன்மை, மூட்டுவலி, சிறுநீரக நோய் என்பனவும் இவை போன்ற குறிகளைக் காட்டக்கூடும். முதுமையில் முதன்முறையாக வலிப்புக் காணின் மூளையில் வளர்ந்த கட்டியும் காரணமாகலாம். ஆதலால் மிருக வைத்தியரிடம் காட்டுதல் அவசியம்.

விசர்நோயை அறிதல்

விசர்நோயோ நாட்கணக்கில் முற்றும். குரல் மாறுதல், கீழ்த்தாடை தொங்குதல், உமிழ்நீர் வடிதல், விழுங்கமாட்டாமை, கண்டதையெல்லாம் கடித்தல், பின்கால்கள் வலுவிழத்தல் என்பன இதன் குறிகள். குறி தோன்றிய நாய் பெரும்பாலும் பத்து நாட்களுள் இறந்துவிடும்.

நீருக்கு அஞ்சுதல் இந்நோயுற்ற மனிதரிடம் காணப்படும் குறியாகும். நீர் அருந்துவதால் நாய்க்கு விசரில்லையெனத் துணிதல் கூடாது. தொண்டையில் எலும்பு சிக்கியதென எண்ணி அதன் வாயினுட் கைவிடுதலுமாகாது.

மாற்றம் திடீரெனத் தோன்றின், நாயைத் தொடாது, பிறர் அணுகாவண்ணம் செய்து, மிருக வைத்தியருக்கு அறிவிக்குக. கடியோ கீறலோ பட்டால் அவ்விடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுக. மனிதரிடம் நோய்க்குறி தோன்றியபின் உயிர்காத்தல் மிக அரிது.

பராமரிப்பு

மூளைத் தளர்ச்சியை முற்றாகக் குணப்படுத்தும் மருந்தில்லை. ஆயினும் அதனைத் தணித்தல் கூடும். செலெஜிலின் எனும் மருந்து 1998இல் ஐக்கிய அமெரிக்காவில் இந்நோய்க்கென அங்கீகரிக்கப்பட்டது. மிருக வைத்தியர் பணித்தாலன்றி அதனைக் கொடுத்தலாகாது.

உணவுப் பாத்திரத்தையும் படுக்கையையும் இடம் மாற்றாது வைக்குக. காலையும் மாலையும் சிறிது தூரம் நடத்திச் செல்லுக. இரவில் சிறு விளக்கு எரியவிடுக. கட்டில்லாக் கிணற்றைச் சுற்றி வேலியிடுக. படுக்கையை அசுத்தஞ் செய்ததற்காக அடித்தல் பயனற்றது. அச்சம் நாயின் குழப்பத்தை மிகுவிக்கும்.

கிழநாய்தானே என்று விசர்நோய்த் தடுப்பூசியை நிறுத்திவிடுதல் கூடாது. ஆண்டுதோறும் ஊசி ஏற்றப்பட்ட நாயின் போக்கு மாறுமிடத்து விசரென்னும் ஐயம் பெரிதுங் குறையும். வீட்டாருக்கும் அது காப்பாகும்.