மீன் கொடுக்கும் சாட்சி

ஆலையை மூடிவிட்டால் அதன் தீமையும் அன்றோடு ஒழிந்தது என்று எண்ணுவது அதிகாரிகளின் வழக்கம். கொடைக்கானல் ஏரி மீன்களோ இதற்கு மாறாகச் சாட்சி கூறுகின்றன.

அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்ட உஷ்ணமானித் தொழிற்சாலை 1980-களில் அம்மலையில் நிறுவப்பட்டது. பாதரஸம் படிந்த கண்ணாடிச் சிதைவுகள் ஊருக்குள் பழைய சாமான் கிடங்கில் கிடப்பது வெளிப்பட்டு ஜனங்கள் கிளர்ச்சி செய்யவே, 2001 மார்ச்சில் அது மூடப்பட்டது. 2003-ல் கழிவின் ஒரு பகுதி அமெரிக்காவுக்கே திருப்பியனுப்பப்பட்டது. ஆயினும் ஹைதராபாத் விஞ்ஞானிகள் 2006-ல் வெளியிட்ட ஆராய்ச்சி, ஏரியின் நீர், சேறு, மீன் ஆகிய மூன்றிலும் பாதரஸம் இருப்பதைக் காட்டிற்று. சாதாரண உஷ்ணத்திலேயே ஆவியாகிக் காற்றோடு செல்வது பாதரஸத்தின் இயல்பு.

நன்னீர் மீனின் வாழ்வு ஓயாத உழைப்பு. உடலிலுள்ள உப்பு வெளியே கசிந்துகொண்டேயிருக்கும். செவுள்களிலுள்ள நொதிகள் அதை ஜலத்திலிருந்து மீட்டுக்கொண்டேயிருக்க வேண்டும். பாதரஸம் அந்நொதிகளிலுள்ள கந்தகத்தைப் பற்றி அவற்றை முடக்குகிறது. நஷ்டத்தை ஈடுசெய்ய, மீன் ஈரலில் சேமித்த கிளைகோஜனைக் கரைக்கிறது. விஷத்தைக் கட்ட விசேஷப் புரதத்தை ஆக்குகிறது. வளர்ச்சிக்கும் முட்டைக்கும் வேண்டிய சக்தி உயிர் காப்பதிலேயே தீர்ந்துவிடுகிறது. மீன் சாகவில்லை, ஆதலால் தீங்கில்லை என்பது, கூலியாள் நடமாடுகிறான், ஆதலால் பட்டினியில்லை என்பது போன்ற வாதமே.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. பிராணவாயுவற்ற சேற்றிலுள்ள பாக்டீரியாக்கள் பாதரஸத்தை மீதைல் பாதரஸமாக மாற்றுகின்றன. அது சிறு மீனிலிருந்து பெரு மீனுக்கு ஏறுந்தோறும் பெருகுகிறது. தசையோடு ஒன்றிவிடுவதால் கழுவினாலும் சமைத்தாலும் நீங்காது. மீன் வழியே இவ்விஷம் மனிதரின் நரம்பையும் கர்ப்பத்துச் சிசுவின் மூளையையும் எவ்வாறு சிதைக்கும் என்பதை, ஜப்பானின் மினமாட்டாவில் 1956 முதல் உலகம் கண்டது.

ஆலையின் முன்னாள் தொழிலாளர் 591 பேர், பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பின் 2016-ல் நஷ்டஈட்டு உடன்பாடு பெற்றனர். ஆலை நிலத்தைச் சுத்தம் செய்வதற்கோ, கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் பாதரஸம் என்ற இலக்கு வகுக்கப்பட்டது. மண்ணை மட்டும் அளந்தால் போதுமா? மலைச்சரிவில் மண் நின்ற இடத்திலேயே நிற்பதில்லை. மழை அதை ஓடைக்கு இறக்கும். ஆகவே ஏரிச் சேற்றையும், மீனின் ஈரலையும் தசையையும் வருஷந்தோறும் பரிசோதித்து, முடிவுகளைத் தமிழில் பிரசுரிப்பது சர்க்காரின் கடமை. அக்கணக்கை விடாது கேட்பது நம் கடமை.